கேப்ஸ்யூல் மிஷினில் நல்ல எஸ்பிரெசோ: வீட்டில் செய்து பார்த்தவை

கேப்ஸ்யூல் மிஷின் வைத்திருப்பவர்களில் பலர் பொத்தானை அழுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காபித் தூள் அடைத்த சிறு கேப்ஸ்யூலைப் போடு, கைப்பிடியை இறக்கு, அழுத்து, குடி. அந்த வசதிக்காகத்தானே வாங்கியது என்பார்கள். சரிதான். ஆனால் அதே மிஷின், அதே கேப்ஸ்யூலை வைத்துக்கொண்டே இன்னும் நல்ல எஸ்பிரெசோ (அழுத்தத்தில் வெந்நீரைத் தூள் வழியாகச் செலுத்தி எடுக்கும் அடர்ந்த காபி) எடுக்கலாம். அதற்காக நான் செய்து பார்த்தவற்றில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எதை நோக்கிப் போகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். இத்தாலிய எஸ்பிரெசோவுக்குச் சான்று வழங்கும் அந்நாட்டுத் தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் அளவுகளை வரையறுத்து வைத்திருக்கிறது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 88 டிகிரி வெந்நீர், 25 விநாடி, நுரையோடு சேர்த்து 25 மில்லி காபி. கோப்பையில் இறங்கிய பிறகு அதன் சூடு 67 டிகிரி. எல்லாவற்றிலும் சிறிது முன்பின் இருக்கலாம். இன்றைய காபிக் கடைகளில் இரட்டை எஸ்பிரெசோவுக்கு 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் காபி இறக்குவது பரவலான வழக்கம். அதாவது தூள் ஒரு பங்கு, காபி இரண்டு பங்கு.

காபிக் கடையில் மிஷின் முன் நிற்பவர் தூளின் நைஸ், அதன் எடை, அதைச் சமன் செய்வது, அழுத்துவது, நீரின் சூடு, நிறுத்தும் நேரம் என எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறார். கேப்ஸ்யூலில் இதில் முதல் நான்கும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகின்றன. நம் கைக்கு வருவது கொஞ்சம்தான்: எவ்வளவு நீர் ஓட விடுவது, மிஷினும் கோப்பையும் எவ்வளவு சூடாக இருப்பது, எந்தத் தண்ணீரை ஊற்றுவது, காபி வரும் வழியை எவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது. சுவையில் நான் கண்ட முன்னேற்றம் அத்தனையும் இந்த நான்கிலிருந்துதான் வந்தது.

இதில் இறங்குவதற்கு முன் ஒன்று. கேப்ஸ்யூல், பாட் என்று விற்பதெல்லாம் எஸ்பிரெசோ தராது. கியூரிக் நிறுவனத்தின் கே-கப் என்னும் கேப்ஸ்யூல், 2001-இல் வந்த சென்சியோ மிஷினின் மெத்தென்ற காகிதப் பாட் இரண்டுமே குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. அவற்றில் வருவது சாதாரண வடிகாபி. பொத்தானில் எஸ்பிரெசோ என்று எழுதியிருந்தாலும் நீரின் அளவுதான் குறையும், அழுத்தம் கூடாது. நெஸ்லேயின் காபி மிஷின் வரிசையான நெஸ்பிரெசோவின் பழைய வடிவமான சிறு அலுமினியக் கேப்ஸ்யூல் உண்மையான பம்ப் அழுத்தத்தில் இயங்குவது. அதன் மூலக் கருத்துக்கு நெஸ்லேயின் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் வழிவகுத்தார். 1976-இல் காப்புரிமை, 1986-இல் விற்பனை. 2014-இல் அதே நெஸ்பிரெசோ கொண்டுவந்த வெர்ட்டுவோ வேறு வகை. அது கேப்ஸ்யூலை வேகமாகச் சுழற்றிக் காபியை வெளியே தள்ளுகிறது. கேப்ஸ்யூலின் விளிம்பிலுள்ள பார்கோடைப் படித்துத் தானே அளவுகளை வைத்துக்கொள்வதால் நாம் கைவைக்க இடம் குறைவு. நான் பயன்படுத்துவது அந்தப் பழைய சிறு கேப்ஸ்யூலை ஏற்கும் மிஷின். கீழே உள்ளதெல்லாம் அந்த வகைக்கானது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 19 பார், 15 பார் என்ற எண்களைப் பார்த்து மிஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது பம்ப் எட்டக்கூடிய உச்ச அழுத்தம். காபித் தூளின் மேல் எவ்வளவு விழுகிறது என்பது தூள் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தால்

முதலில் ஒரு புதிய கேப்ஸ்யூலின் தாளைக் கத்தியால் வெட்டித் தூளைத் தராசில் கொட்டினேன். ஐந்தரை கிராம் அளவில் இருந்தது. இந்த வகைக் கேப்ஸ்யூல்களில் பொதுவாக 5 முதல் 6 கிராம் வரைதான் இருக்கும். மிஷினின் எஸ்பிரெசோ பொத்தானோ 40 மில்லி இறக்குகிறது, நீளக் காபிப் பொத்தான் 110 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தரை கிராம் தூளுக்கு 40 மில்லி என்றால் ஒன்றுக்கு ஏழுக்கும் மேல். காபிக் கடையில் ஒன்றுக்கு இரண்டு. கேப்ஸ்யூல் காபி சப்பென்று இருக்கிறது, பின்வாயில் கசக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பகுதி விடை இந்த ஒரு கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

பயன்படுத்தி முடித்த கேப்ஸ்யூலையும் ஒருமுறை கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். குறுகிய பக்கத்தில் மூன்று கீறல்கள் இருக்கும். மிஷினின் கத்திமுனைகள் அங்கே குத்தித்தான் நீர் உள்ளே போகிறது. அகன்ற பக்கத்தில் தாள் முழுக்கச் சதுரம் சதுரமாகப் பொடித் துளைகள். அதை யாரும் குத்தவில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற, தாள் உப்பி, எதிரே இருக்கும் கூம்பு முனைத் தகட்டின் மேல் தானே மோதிக் கிழிகிறது. அழுத்தம் போதுமான அளவு ஏறிய பிறகே காபி வெளியே வரும் என்பதுதான் இந்த வடிவமைப்பின் அழகு. எனக்கு இந்தப் பொருளின் மேல் மரியாதை வந்தது அந்தத் துளைகளைப் பார்த்த பிறகுதான்.

நீரைக் குறைப்பது

எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே கேப்ஸ்யூலின் காபியைப் பிரித்துப் பிடிப்பது. நான்கு சிறு கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு, எஸ்பிரெசோ பொத்தானை அழுத்தி, ஏறக்குறைய பத்துப் பத்து கிராமாக ஒவ்வொன்றிலும் பிடித்தேன். ஓடும்போதே கிளாஸை மாற்ற வேண்டும். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை.

முதல் கிளாஸில் விழுந்தது கருஞ்சிவப்பு, தடித்த நூலாக இறங்கியது. வாயில் வைத்தால் புளிப்பும் உவர்ப்பும் கலந்து நாக்கைப் பிடிக்கும். அப்படியே குடிக்க முடியாது, ஆனால் மணம் முழுக்க அதில்தான். இரண்டாவதில் இனிப்பு தெரிந்தது, கசப்பு அளவோடு. மூன்றாவது இளம்பழுப்பு, மெலிந்த காபி, பரவாயில்லை ரகம். நான்காவது வெளிறிய மஞ்சள். அதில் மரத்தூள் வாசமும் நாக்கை வறளச் செய்யும் துவர்ப்பும்தான் மிச்சம். இந்த நான்கையும் ஒன்றாக ஊற்றினால் வருவதுதான் மிஷின் தன்பாட்டில் கொடுக்கும் எஸ்பிரெசோ. முதல் இரண்டை மட்டும் கலந்து குடித்தேன். வேறு காபி போல இருந்தது.

புளிப்பும் மணமும் தரும் பொருள்கள் நீரில் சீக்கிரம் கரைந்து வந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாகக் கரையும். அதனால் வால்பகுதியை வெட்டினால் கசப்பு குறைகிறது, அடர்த்தி கூடுகிறது.

இதை மிஷினுக்கே சொல்லிக்கொடுக்கலாம். பெரும்பாலான மிஷின்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் காபி ஓடிக்கொண்டே இருக்கும். விட்ட இடத்தை மிஷின் நினைவில் வைத்துக்கொள்ளும். கோப்பையைச் சிறு டிஜிட்டல் தராசில் வைத்துச் சுழியாக்கி, 19 கிராம் காட்டியதும் பொத்தானை விட்டேன். பம்ப் நின்ற பிறகும் மூன்று கிராம் அளவுக்குச் சொட்டியது, ஆக 22. மில்லி அளவைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். நுரை ஏமாற்றும், எடைதான் நம்பகம்.

எல்லாக் கேப்ஸ்யூலுக்கும் இது பொருந்தாது. கரு வறுவல், நடுத்தர வறுவல் இரண்டுக்கும் 20 முதல் 25 கிராம் அருமையாக இருக்கிறது. இளம் வறுவலை அங்கேயே நிறுத்தினால் பல் கூசும் புளிப்பு. அதற்கு 30 வரை போக வேண்டியிருக்கிறது. நீளக் காபிக்கென்று செய்த கேப்ஸ்யூல்களைக் குறைத்துப் பிடிப்பதில் பயனில்லை. அவற்றில் தூள் சற்றுக் கரகரப்பாக இருப்பதால் நீர் வேகமாக ஓடிவிடுகிறது, காபி மெலிவாகவே வருகிறது. ரிஸ்ட்ரெட்டோ (நீரைக் குறைத்து எடுக்கும் எஸ்பிரெசோ) என்று எழுதிய கேப்ஸ்யூல்கள்தான் இந்த முறைக்கு மிகப் பொருத்தம். அவற்றுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லும் அளவு 25 மில்லி.

ஒரு கேப்ஸ்யூலில் 22 கிராம் காபி போதாது என்பவர்கள் நீரைக் கூட்ட வேண்டாம், இரண்டாவது கேப்ஸ்யூலைப் போடுங்கள். செலவு இரட்டிப்பாகும், கஃபீனும் இரட்டிப்பாகும். ஆனால் கடையில் கிடைக்கும் இரட்டை எஸ்பிரெசோவின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், அப்போதுதான் கிடைக்கும். அமெரிக்கானோ போல நீளமாக வேண்டுமென்றாலும் இதே விதி: கேப்ஸ்யூல் வழியாக 110 மில்லி ஓட விடாமல், 22 கிராமில் நிறுத்திவிட்டு வெந்நீரைத் தனியாகச் சேர்ப்பது.

சூடு

அளவைக் குறைத்ததும் புதிதாக ஒரு சிக்கல் முளைக்கிறது. காபி ஆறிப்போய் வருகிறது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 150 கிராம் எடையுள்ள பீங்கான் கோப்பை, சூட்டை வாங்கிக்கொள்வதில் 30 கிராம் தண்ணீருக்குச் சமம். 25 டிகிரியில் இருக்கும் அந்தக் கோப்பையில் 80 டிகிரி காபி 20 கிராம் விழுந்து, இரண்டும் சூட்டைப் பகிர்ந்துகொண்டால் 50 டிகிரிக்கும் கீழே போய்விடும். அதே கோப்பை முன்கூட்டியே 60 டிகிரியில் இருந்தால் காபி 67, 68-இல் நிற்கும். இத்தாலிய நிறுவனம் கேட்பதும் அந்தச் சூட்டைத்தான். குறைந்த அளவு காபிக்குக் கோப்பையின் சூடு இவ்வளவு முக்கியம் என்பது எண்களாக எழுதிப் பார்க்கும் வரை எனக்குத் தெளிவாகவில்லை.

மிஷின் பக்கமும் இதே கதை. விளக்கு மின்னுவது நின்றதும் தயார் என்று எடுத்துக்கொள்கிறோம். அது நீரைச் சூடாக்கும் பகுதி தயார் என்பதற்கான அடையாளம். கேப்ஸ்யூல் உட்காரும் இடமும் காபி இறங்கும் மூக்கும் அப்போதும் குளிர்ந்தே இருக்கும். அதனால் கேப்ஸ்யூல் போடாமல் நீளக் காபிப் பொத்தானை அழுத்தி, வரும் வெந்நீரைக் கோப்பையில் பிடிக்கிறேன். ஒரே வேலையில் மிஷினின் உட்பகுதியும் கோப்பையும் சூடேறிவிடுகின்றன. முந்தைய காபியின் எச்சமும் கழுவப்பட்டுவிடுகிறது. அந்த நீரைக் கோப்பையில் சிறிது நேரம் விட்டுக் கொட்டி, துணியால் துடைத்துவிட்டு உடனே கேப்ஸ்யூல். மேல்தட்டில் கோப்பைகளை அடுக்கி வைத்தால் சூடாகும் என்ற நம்பிக்கையில் அதையும் செய்து பார்த்தேன். இந்தச் சிறு மிஷின்களின் மேல்பக்கம் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை.

இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் நீரைக் குறைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கும் இடமிருந்தால் இந்த வெந்நீர் ஓட்டம்.

தண்ணீரும் சுத்தமும்

எஸ்பிரெசோவிலேயே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அமெரிக்கச் சிறப்புக் காபிச் சங்கம் காபிக்குப் பொருத்தமான நீரில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் கரைந்த உப்புகள் இருப்பது நல்லது என்றும், 75 முதல் 250 வரை ஏற்கலாம் என்றும் வகுத்தது. ஆர்.ஓ. நீர் பெரும்பாலும் இதற்குக் கீழே, ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் மிக மேலே. வெறும் ஆர்.ஓ. நீரில் காபி தட்டையாக இருக்கிறது, மணம் எழும்புவதில்லை. உப்புக் கூடிய நீரில் புளிப்பு அமுங்கிவிடுகிறது. அதோடு மிஷினுக்குள் படிவும் சேர்கிறது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்து 100-க்கும் 150-க்கும் நடுவில் கொண்டுவந்தேன். மிஷின் வாங்கியபோது தந்த கேப்ஸ்யூல்களைவிட இந்தத் தண்ணீர் மாற்றம் காபிக்கு அதிகம் செய்தது என்று சொல்வேன்.

படிவு சேர்வதை மிஷின் சொல்லிக் காட்டும். ஓட்டம் மெலியும், பம்பின் சத்தம் கனக்கும், காபியின் சூடு குறையும். அப்போது படிவு நீக்கும் திரவம் ஓட்ட வேண்டும். மிஷினுக்கென்று விற்பதில் லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கும். வினிகர் வேண்டாம். ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாசமும் லேசில் போகாது. திரவம் ஓடி முடிந்ததும் தொட்டியைக் கழுவி, நல்ல நீரை முழுத் தொட்டி அளவுக்கு ஓட விடுங்கள்.

ஓட்டம் மெலிவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதற்கு அமிலம் உதவாது. என் மிஷினில் காபி சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கி, பயன்படுத்திய கேப்ஸ்யூல் விழும் பெட்டியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. படிவு நீக்கியும் மாறவில்லை. பிளக்கைக் கழற்றி, மிஷின் ஆறிய பிறகு, கைப்பிடியை மேலே தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். கூம்பு முனைத் தகட்டின் சதுரங்களுக்கு இடையில் இருந்த பள்ளங்களில் காபி எண்ணெயும் தூளும் இறுகிக் கறுத்த பிசினாக அப்பியிருந்தன. காபி வெளியேறும் துளைகளில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் வேறு வழி இல்லாமல் விளிம்பு வழியாகக் கசிந்து பெட்டிக்குப் போயிருக்கிறது.

பழைய பல்துலக்கி ஒன்றின் கழுத்தைச் சூடாக்கி வளைத்துக்கொண்டேன். நேரான தண்டு அந்தச் சந்துக்குள் நுழையாது. வெந்நீரில் தோய்த்துத் தேய்க்க, பழுப்புக் கரைசல் சொட்டுத் தட்டில் இறங்கியது. விட்டு விட்டுத் தேய்த்து, நடுநடுவே கேப்ஸ்யூல் இல்லாமல் வெந்நீர் ஓட்டி, தகட்டின் உலோக நிறம் தெரியும் வரை செய்தேன். எதிர்ப்பக்கம் உள்ள கத்திமுனைகளைச் சுற்றியும் அதே பிசின். அங்கே விரலை விடக் கூடாது, முனைகள் கூர்மையானவை. கேப்ஸ்யூலின் விளிம்பு அழுந்தும் ரப்பர் வளையத்தையும் ஈரத் துணி சுற்றிய குச்சியால் துடைத்தேன். அதில் வெடிப்பு இருந்தால் வளையத்தை மாற்றாமல் கசிவு நிற்காது. எனக்கு வெடிப்பு இல்லை. அடுத்த கேப்ஸ்யூலில் ஓட்டம் பழையபடி வந்தது. காபியில் இருந்த ஒரு சிக்கு வாசமும் போனது. அந்த வாசத்தை அதுவரை வறுவலின் கரிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

பம்ப் மட்டும் சத்தம் போட்டு நீரே வராவிட்டால் பெரும்பாலும் காற்று அடைப்புதான். தொட்டி வற்றிய பிறகு வரும் தொல்லை. தொட்டியை நிரப்பி, கேப்ஸ்யூல் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் தொட்டி உட்காரும் வாயில் ஊசியில்லாத சிரிஞ்சால் நீரை மெதுவாகச் செலுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நிரப்பும் கேப்ஸ்யூல், காகிதப் பாட்

துருப்பிடிக்காத எஃகில் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கேப்ஸ்யூல்கள் கிடைக்கின்றன. அதிலும் 5 கிராம் அளவுதான் பிடிக்கும். தூள் பொடி உப்பைவிட நைஸாக இருக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் நீர் பாய்ந்து ஓடி வெளிறிய காபி வரும். மாவாகிப் போனால் ஒரு சொட்டும் வராது, பம்ப் முனகும். கிரைண்டரை ஒரு புள்ளி நகர்த்துவதற்குள் விளைவு தலைகீழாகிறது. சரியாக அமைந்தபோது, அன்று அரைத்த காபியின் மணம் எந்த மூடிய கேப்ஸ்யூலிலும் கிடைக்காத அளவுக்கு எழுந்தது. ஆனால் அவ்வளவு நுட்பமாக அரைக்கும் கிரைண்டர் கையில் இருந்தால், 5 கிராமுக்குள் சிக்கிக்கொள்ளாமல் தூளை நாமே கைப்பிடிக் கூடையில் நிரப்பிப் பூட்டும் எஸ்பிரெசோ மிஷினுக்கே போய்விடலாம் என்பது என் கருத்து. நுரையை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மூடிய கேப்ஸ்யூலில் வரும் தடித்த நுரைக்கு அழுத்தமும் தூளில் சிக்கியிருக்கும் கரியமில வாயுவும் காரணம். எஃகுக் கேப்ஸ்யூலில் நுரை குறைவாக இருந்தும் சுவை மேலாக இருந்தது.

அந்தக் கைப்பிடிக் கூடை மிஷின் ஏற்கெனவே இருந்து, அரைக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஈ.எஸ்.ஈ. என்னும் காகிதப் பாட் நல்ல வழி. 44 மில்லிமீட்டர் அகல வட்டக் காகித உறைக்குள் 7 கிராம் தூளை அழுத்தி வைத்திருப்பார்கள். இத்தாலியின் இல்லி நிறுவனம் உருவாக்கிய முறை, மற்ற நிறுவனங்களும் அதே அளவில் செய்கின்றன. அதற்கான தட்டையான கூடை வேண்டும். கேப்ஸ்யூலைவிட ஒன்றரை கிராம் தூள் கூடுதல் என்பதால் 25 கிராம் இறக்கினாலும் உடம்பு நிற்கிறது. பாட்டைப் போடும் முன் காகித விளிம்பு கூடையில் மடங்காமல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மடிப்பு இருந்தால் நீர் அந்தப் பக்கமாகவே ஓடிவிடும்.

பால் சேர்ப்பவர்களுக்கு: 22 கிராம் அளவில் நிறுத்திய இரண்டு கேப்ஸ்யூல், அதற்கு 100 முதல் 120 மில்லி பால், பாலின் சூடு 60 முதல் 65 டிகிரி. அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு குறைந்து வெந்த வாசம் வரும்.

கடைசியாகக் குப்பை. இதை ஒதுக்கிவிட முடியாது. 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் பொதுப் பணத்தில் இந்த வகைக் கேப்ஸ்யூல்களை வாங்குவதை நிறுத்தியதே இதற்காகத்தான். ஒரு கேப்ஸ்யூலில் ஏறக்குறைய ஒரு கிராம் அலுமினியம். அலுமினியத்தை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே ஈரச் சக்கை இருக்கும்போது யாரும் எடுப்பதில்லை. சக்கை சூடாக இருக்கும்போது எடுக்க வராது, ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் உலர விட்டால் தாளைக் கீறித் தட்டியதும் கட்டியாக விழுகிறது. சக்கை உரக்குழிக்கு, கழுவிய அலுமினியத்தை நசுக்கி ஒரு டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் பழைய உலோகம் எடுப்பவரிடம். மக்கும் கேப்ஸ்யூல் என்று விற்பவற்றைச் செடித் தொட்டியில் புதைத்து நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அவற்றில் பல, தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில்தான் மக்கும். காற்றைத் தடுப்பதிலும் அவை அலுமினியத்துக்கு ஈடாகாது, அதனால் வெளி உறையைப் பிரித்தபின் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.